இடது சக்கரத்துச் சத்தம்

நம் வயதில் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் பேசிக்கொள்கிறோம். பொறாமையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூடப் பிறந்தவள் மேல், ஓரகத்தி மேல், பக்கத்து வீட்டுக்காரி மேல் பொறாமைப்பட்டதுண்டா என்று கேட்டால், "சே, எனக்கு அந்த புத்தியே கிடையாது" என்று சத்தியம் செய்வீர்கள். எனக்கு அந்த புத்தி உண்டு. பதினோரு வயதில், ஒரு மார்கழியில் வந்து பங்குனியோடு போய்விட்டது என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை என்று போன வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் நைனாவிடம் ஒரு கார் இருந்தது. அவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலைக்கயிறு இழுத்ததில் இடது தோள் இறங்கிப்போய், துடுப்புப் பிடிக்க முடியாமல் ஆனது. இருந்த படகை விற்றுவிட்டு, பொன்னேரியில் ஒரு வக்கீல் வருஷக்கணக்காக ஓட்டித் தேய்த்த கறுப்புக் காரை வாங்கினார். "மீன் புடிக்கறவனுக்கு பிளசர் காரு ஒரு கேடா" என்று குப்பமே சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வருவார். திரும்பிப் போகும்போது டிக்கியில் இறால் கூடை இருக்கும்.

எங்கள் வீடு ஏரித் தண்ணீருக்கு அந்தப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்தில். அப்போது பாலம் கிடையாது. அதனால் கார் ஊர்ப்பக்கத்திலேயே, ஒல்லாந்தர் கல்லறையின் சுற்றுச்சுவரோரம் ஒரு பூவரச மரத்தடியில் நிற்கும். நைனா தினமும் காலையில் படகேறி அதனிடம் போவார். வெயிலில் காய்ந்த ரெக்சின், சொட்டிய இறால் தண்ணீர், பெட்ரோல், பீடி எல்லாம் கலந்து அதற்குள் ஒரு வாசனை. டாஷ்போர்டில் கைவிரல் அகலத்துக்கு ஒரு கடிகாரம் ஓடாமல் நின்றுபோயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா என்னையும் கூட்டிப்போவார். முன்சீட்டில் ஜன்னலோரம் எனக்கு. எத்தனை சவாரி நெருக்கியடித்து ஏறினாலும் அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டார். "அது எம் பொண்ணு எடம்" என்பார். எனக்குத் தம்பி தங்கை கிடையாது. இருந்திருந்தால்கூட அந்த இடத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தக் காரில் ஒரு சத்தம் இருந்தது. மெதுவாகப் போகும்போது பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் இடது கீழே 'டொக்' என்று ஒன்று. பிரேக் போட்டால் இன்னொன்று. பொன்னேரி சாலையில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் சத்தத்துக்கும் பஞ்சமில்லை. "நைனா, வண்டி தாளம் போடுது" என்று நான் சொன்னேன். நைனா விழுந்து விழுந்து சிரித்தார். சவாரிகளிடமெல்லாம் சொன்னார். பொன்னேரி மேஸ்திரி ஷாக்கப்சரை மாற்றிப் பார்த்தார். சத்தம் போகவில்லை. அப்புறம் நைனாவே ஒருநாள் ஏதோ ஒரு மூட்டில் எண்ணெய் விட்டார். இரண்டு நாள் அடங்கி, மூன்றாம் நாள் அதிகமாக வந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த மார்கழியில்தான் சித்தி மகள் வந்தாள்.

சித்தி காசிமேட்டில் இருந்தாள். சித்தப்பா மீன்பிடி லாஞ்சில் எஞ்சின் டிரைவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். சித்திக்கு நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. என்னைவிட ஏழு மாதம் சின்னவள். ஒரு தகரப்பெட்டியோடு பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி நின்றாள். நானும் நைனாவும் போய் அழைத்துவந்தோம். முதல் நாள் என்பதால் நானே பெருந்தன்மையாக ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். நான் செய்த தப்பு அது.

பொன்னேரி எல்லை தாண்டவில்லை, அவள் தலையை வெளியே நீட்டினாள். நைனா அதட்டினார்.

"உள்ள வாம்மா. மரம் கிரம் அடிச்சிடப் போவுது."

"பெரிப்பா, வண்டியில எதோ தேஞ்சி பூட்டுது."

"அது ஷாக்கப்சரு. மாத்தியாச்சி. அப்பவும் கத்துது."

"ஷாக்கப்சர் இல்ல பெரிப்பா. அது போனா வண்டி குதிச்சிகினே இருக்கும். இது ஒரே தபா முட்டிட்டு நின்னுடுது. இரும்பும் இரும்பும் முட்டிக்கற சத்தம். நடுவுல எதோ மெத்துனு இருந்து, அது பூட்டுது."

நைனா காரை ஓரங்கட்டினார். சவாரி ஏற்றியிருந்த மூன்று பேர் முணுமுணுத்தார்கள். "யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. கேக்குதே."

அதே சத்தத்தைத்தான் நானும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது தாளம். அவளுக்கு நோய்.

மறுநாள் நைனா சவாரி ஏற்றாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரீட்சை பார்த்தார். நானும் போனேன், விட்டுவிட்டு இருக்க மனசில்லை. கல்லறைச் சுவரோரம் செங்கற்களை வரிசையாக வைத்து, அதன்மேல் காரை நடை வேகத்தில் ஏற்றி இறக்கினார். அவள் முன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். காதால் மட்டும் கேட்கவில்லை, கையாலும் கேட்டாள். பிறகு குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கமாகக் காட்டினாள்.

"இதோ, கை மாரி ஒண்ணு நீட்டிகினு கீதே, அது சட்டத்துல சேர்ற எடத்துல."

நைனா ஜாக்கி போட்டுத் தூக்கி, கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார். அசையவே கூடாத அந்த இரும்புக் கை ஒரு விரல் தடிமனுக்கு 'லொடக்' என்று நகர்ந்தது. கறுப்பாக ரப்பர் தூள் கொட்டியது. அந்தக் கையின் முனையில் கண் மாதிரி ஒரு துளை உண்டு. கண்ணுக்குள் ரப்பர் வைத்த ஒரு இரும்புக் குழல். அதற்குத்தான் புஷ் என்று பேர். இரும்போடு இரும்பு முட்டாமல் நடுவில் இருந்து தாங்குகிற வஸ்து. உப்புக் காற்றும் இறால் தண்ணீரும் நைனா விட்ட எண்ணெயும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்திருந்தன.

நைனா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "காதுன்னா இதாண்டா காது!" என்று துறையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார். அன்று மதியம் வீட்டில் வறுத்த மடவைமீனில் தலைப்பக்கத்துத் துண்டு அவள் தட்டுக்குப் போனது. அதுவரை என் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அன்று முதல் ஜன்னலோரம் அவளுடையது. வேறு சத்தங்களையும் அவள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று நைனா தினமும் கூட்டிப்போனார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அவளைப் பள்ளியில் சேர்க்கவில்லை. ரெண்டு மாசத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அவள் படிப்பு வீணாகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், நான் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது அவள் பொன்னேரியில் சோடா குடித்துக்கொண்டிருப்பாள் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பின்சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு போனேன். பொறுக்கவில்லை. "நைனா, பின்னாலயும் சத்தம் வருது. கடகடன்னுது" என்றேன். நைனா நிறுத்தினார். எல்லாரையும் இறக்கிவிட்டு, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, கீழே படுத்து, அரைமணி நேரம் தேடினார். கடைசியில் டிக்கியைத் திறந்தால் காலி சோடா பாட்டில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. சவாரிகள் சிரித்தார்கள். சித்தி மகள் சிரிக்கவில்லை. "அக்காவுக்கும் நல்லா கேக்குது பெரிப்பா" என்றாள். அவள் சிரித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

இன்னொரு நாள், எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா இருமுறத கேட்டே எனக்குத் தெரிஞ்சிடும்கா, இன்னிக்கி சளிதானா, இல்ல ரத்தம் வருமான்னு." அந்தக் காது எங்கே பழகியது என்று அன்றே புரிந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எல்லாரும் பரிதாபப்படும்படி அவளுக்கு ஒரு நோயாளி அம்மா இருக்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். என் அம்மா கல்லுமாதிரி இருந்தாள்.

புதுப் புஷ் பொன்னேரியில் கிடைக்கவில்லை. மேஸ்திரியிடம் அவளைக் கூட்டிப்போய், வண்டியிலேயே பழசைக் காட்டிச் சொல்லிவைத்து வந்தார் நைனா. பட்டணத்திலிருந்து வந்து சேர இரண்டு வாரம் ஆனது. வாங்கிவரக் கிளம்பிய அன்று அவளுக்குக் காய்ச்சல். எனக்குப் பள்ளி விடுமுறை. ஜன்னலோரம் மறுபடி எனக்கு!

பாதி வழிவரை நான் ராணி. அப்புறம் நைனா பேச ஆரம்பித்தார். பேச்சு முழுக்க அவள்தான். "அவ இல்லன்னா இந்த வண்டி என்னிக்கோ கவுந்திருக்கும்." கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்கும்தான் ரெண்டு காது கீது. இன்னா பிரயோசனம்? தோடு மாட்டத்தான் ஆவுது."

விளையாட்டாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகள் எத்தனையோ மறந்துபோயின. இது மறக்கவில்லை.

மேஸ்திரி பட்டறையில் நைனா டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார். மேஸ்திரி புஷ் இரண்டையும் காகிதத்தில் சுற்றி ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். அவருக்கு அன்று இரண்டு பஸ் வேலை. நைனா தானே மாட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"பாப்பா, நைனாவாண்ட மறக்காம சொல்லு. மாட்டறப்ப போல்ட்டைச் சும்மா கையாலதான் ஏத்தி வைக்கணும். ஜாக்கியை எறக்கி, வண்டி தரையில குந்தின அப்பறம்தான் கடைசி முறுக்கு. தொங்கவுட்டு முறுக்குனா, எறக்கும்போது ரப்பர் திருகிக்கும். ஒரு மாசத்துல பிஞ்சி பூடும். சொல்றியா?"

"சொல்றேன்" என்றேன். சொல்லத்தான் இருந்தேன். நைனா வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "பாப்பாவுக்கு காச்ச வுட்டிருக்குமா? நாளைக்கி அவ இருந்தாத்தான் வேல ஆவும்." நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பூவரச மரத்தடியில் வேலை நடந்தது. துருப்பிடித்த போல்ட்டை முந்தின நாளே மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தார்கள். பழைய குழலை அரம்பத்தால் அறுத்து வெளியே எடுத்தார் நைனா. இரும்புக் கையின் கண்ணைத் துணியால் துடைத்து, புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு நீளப் போல்ட்டும் குழாய்த் துண்டும் வைத்து மெல்ல மெல்ல உள்ளே இழுத்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கையெல்லாம் சோப்பு நுரையும் கரியுமாக, அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் கல்லறைச் சுவர்மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டிருந்தேன்.

சக்கரம் இல்லாமல் வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. நைனாவுக்கு இடது தோள் ஒத்துழைக்கவில்லை. "நீயே முறுக்கும்மா" என்று ஸ்பானரை அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு நொடி தயங்கினாள். என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு இரண்டு காலையும் சட்டத்தில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இறுக்கினாள். இன்னும் ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று.

ஒரு வார்த்தை போதும். "நைனா, எறக்கிட்டு முறுக்கணுமாம்." நாக்கு வரை வந்தது. புளியங்காயோடு சேர்த்து விழுங்கினேன்.

சத்தம் நின்றுவிட்டது. நைனா துறைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நாலு தரம் ஓட்டிப் பார்த்தார். பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினார். ஒன்றுமில்லை. படகுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தேன். பிய்ந்துபோனால் அவள் பேர் கெடும், அவ்வளவுதான் என் கணக்கு. காருக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மாசி கடைசியில் ஒருநாள், பொன்னேரியிலிருந்து வரும் வழியில் எதிரே பஸ் வந்தது. நைனா பிரேக்கை அழுத்தினார். இடது சக்கரம் பிடுங்கிக்கொண்டு இழுக்க, கார் வாய்க்காலில் இறங்கி நின்றது. சவாரிகளுக்குச் சிராய்ப்பு. ஸ்டியரிங் சுழன்றடித்ததில் நைனாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஜன்னலோரம் இருந்த சித்தி மகளுக்கு நெற்றி பிளந்து நாலு தையல். நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் கட்டுப்போட்ட கையோடு நைனா படகிலிருந்து இறங்கினார். அவளும் பின்னால் வந்தாள். வாசலில் ஏறும்போதே நைனா கத்தினார்.

"மேஸ்திரி வந்து பார்த்துட்டு என்னைக் கேக்கறாரு, தொங்கவுட்டா முறுக்குனேன்னு. பொண்ணாண்ட சொல்லி அனுப்பிச்சாராம்! இவ வாயத் தெறக்கல!"

பொண்ணு என்றால் நான்தான். ஆனால் கார் விஷயத்தில் பொண்ணு என்று யாராவது சொன்னால் நைனாவுக்கு அவள்தான் ஞாபகம் வருவாள். புஷ்ஷுக்குச் சொல்லிவைக்கப் போன அன்றே மேஸ்திரி அவளிடம் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டார். என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்புங்கள், அந்த நேரத்திலும் எனக்கு அது சுருக்கென்றது.

"உன்னாண்ட சொன்னாரா இல்லியா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னாரு பெரிப்பா. மறந்துட்டேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "இது வந்த நேரம்! நோய் புடிச்ச வூட்டுக் காத்த இங்க இட்டாந்துச்சி" என்றாள். என் அம்மா கெட்டவள் இல்லை. பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்தைப் போட ஒரு இடம் வேண்டியிருந்தது. கட்டுப்போட்ட நெற்றியோடு எதிரில் நின்றது ஒரு குழந்தை என்பது அவளுக்குப் படவில்லை.

அடுத்த வாரமே சித்தப்பாவுக்குச் சொல்லியனுப்பி, அவளை எண்ணூரில் அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரை மாடு கட்டி இழுத்துவந்து பழைய இடத்தில் செங்கல்மேல் ஏற்றி வைத்தார்கள். நைனாவின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. கியர் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அதுவரை போயிராத வேலைக்கு அம்மா போனாள். இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவினாள். விரலெல்லாம் வெட்டு. நான் பள்ளி விட்டதும் போய் அந்தக் காரின் முன்சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். யாரும் போட்டிக்கு வரவில்லை. நைனா அந்தப் பக்கமே வருவதில்லை. அடுத்த மழைக்குள் பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப்போனான்.

சித்தி பிழைத்து வந்தாள். பெண்ணைப் பழவேற்காட்டுக்கு மட்டும் அப்புறம் அனுப்பவே இல்லை. கல்யாணம் காட்சிகளில் தூரத்தில் பார்ப்போம். அவள் எண்ணூரிலேயே தங்கிவிட்டாள். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறாள். மெஷினைப் பிரிக்காமல், ஓடவிட்டுக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாளாம். இதைச் சொன்னவர்களிடம் நான் பேச்சை மாற்றினேன்.

போன வருஷம் என் பேத்தியின் சடங்குக்கு வந்தாள். கூட்டம் போனபின் நாங்கள் இருவர் மட்டும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். நெற்றித் தழும்பு சுருக்கத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது. என் பழியை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றே அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல். சொல்லித் தீர்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேஸ்திரி சொன்னது, நான் மறைத்தது, சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அதிரவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்கா."

"நான் மறைச்சதா?"

"அது இல்ல. எறக்கிட்டுதான் முறுக்கணும்ன்றது. எங்க நைனா லாஞ்சில எஞ்சினுக்கு அடியில ரப்பர் மாத்துவாரு. எஞ்சின் முழு பாரமும் குந்தின அப்பறம்தான் நட்ட இறுக்குவாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தவதானே."

"அப்பறம் ஏண்டி முறுக்குன?"

கிள்ளிய காம்பைத் தூக்கிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "சத்தம் நின்னுட்டா என்ன எதுக்கு வச்சிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். மறுபடி சத்தம் வந்தா பெரிப்பா என்னத்தானே தேடுவாரு. சக்கரம் புடுங்கிக்கும்னு அந்த வயசுல தோணல. தப்பு என்னுதுன்னுதான் அன்னிக்கி ஒத்துக்கினேன். உனக்கு அவரு எப்பவும் நைனாதான்கா. எனக்கு சத்தம் இருக்கற வரைக்கும்தான். உன்னப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்."

பாரம் இறங்கிவிட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காரில் எனக்கென்று மிச்சமிருந்தது அந்தக் குற்றம் ஒன்றுதான். அத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருந்தேன். அதிலும் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். நைனா போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசி மூன்று மாதமும் என் வீட்டில்தான் கிடந்தார்.

"பெரிப்பா கடைசியில என்னப் பத்தி எதனா கேட்டாராக்கா?"

"இல்லடி" என்றேன். "அவருக்கு நெனவே இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆட்டோ திரும்பும்வரை நின்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

அவள் இதைப் படிப்பாளா என்று தெரியாது. நீங்கள் யாராவது எண்ணூர்ப் பக்கம் இருந்தால், தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற அம்மாள் என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவளிடம் சொல்லுங்கள், அவருக்கு நினைவு இருந்தது. நான் கஞ்சி ஊட்டும்போதெல்லாம், என் கையைத் தள்ளிவிட்டு, வாசலைப் பார்த்து, அவளைத்தான் கேட்டார்.